ஏலத்தோட்டத்து வீட்டுக்கு எந்த நாய், எங்கிருந்து?

தமிழ்நாடு கேரள எல்லையில் இருக்கும் கம்பம்மெட்டில் செக்போஸ்ட்டைத் தாண்டி வண்டன்மேட்டுப் பக்கம் கொஞ்ச தூரம் போனால் என் தாய்மாமாவின் இரண்டு ஏக்கர் ஏலத்தோட்டம் வரும். அங்கே 13 வருஷம் காவல் காத்த கருப்பன் போன ஐப்பசி மழையில் செத்துப்போனது. அதன்பிறகு ஆறு மாசம் மாமா நாய்ப் பேச்சையே எடுக்கவில்லை. சித்திரை பிறந்ததும் ஒருநாள் போனில் கூப்பிட்டார். "மாப்ளே, ராத்திரி ஸ்டோர்ப் பக்கம் சத்தம் கேட்டா என்னன்னே தெரிய மாட்டேங்குது. ஒரு நாய் பாரு."

என்னிடம் ஏன் கேட்டார் என்றால், நாய் வாங்கி நன்றாக ஏமாந்தவன் எங்கள் குடும்பத்தில் நான்தான். சூடு கண்ட பூனையிடம்தான் அடுப்பைப் பற்றி விசாரிக்க வேண்டும் என்பது அவர் கணக்கு.

பார்த்தால் ஐந்து வழிகள் இருந்தன. மாமாவின் மூத்த பேரன் போனில் காட்டிய விளம்பரக் குட்டி. டவுனில் பெட் ஷாப் கண்ணாடிப் பெட்டிக்குள் தூங்கும் குட்டி. வம்சாவளிப் பேப்பரோடு விற்கும் கென்னல், அதாவது நாய்ப்பண்ணை. கீழே கோம்பையில், அந்த ஊர்ப் பெயரையே தாங்கிய நாய். கடைசியாக, காசு கொடுக்காமல் எடுத்து வளர்ப்பது. வீட்டு நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். அத்தைக்கு மூட்டுவலி, பாய்ந்து மேலே ஏறும் நாயைத் தாங்க மாட்டார். நாலு வயதில் இன்னொரு பேரன் இருக்கிறான். இடம் 3,000 அடிக்கு மேலே. ஆனியில் தொடங்கும் மழை ஐப்பசி தாண்டியும் விடாது. அட்டை, உண்ணி இரண்டுக்கும் பஞ்சமில்லை. ஏலத்துக்கு மருந்தடிக்கிற நாளில் தோட்டத்தில் சுற்றிவிட்டு வந்து காலை நக்கும் நாய்க்கு அதுவே விஷம். காட்டுப்பன்றி வரும். புலியைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை, சிறுத்தைதான் பயம். சிறுத்தைக்கு நாய் என்றால் கொள்ளைப் பிரியம். ராத்திரி வாசலில் சங்கிலியில் கட்டிப்போட்ட நாய் அதற்கு இலையில் பரிமாறிவைத்த சாப்பாடு.

ஐந்து வழியையும் எதை வைத்து அளப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது அத்தைதான் ஒரு பழமொழியில் முடித்துவைத்தார்: "தாயைத் தண்ணித் துறையில பார்த்தா மகளை வீட்ல போய்ப் பார்க்க வேணாம்." பெண் பார்க்கப் போகிறவர்களுக்குச் சொன்னது. நாய்க்குட்டிக்கு அதைவிடப் பொருந்தும். குட்டியின் தாயை, அது வாழ்கிற இடத்திலேயே போய்ப் பார்க்க முடியுமா? இந்த ஒரு கேள்வியை எல்லா வழியிலும் கேட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

போனில் பார்த்த குட்டி

இதற்குப் பதில் என் சொந்த அனுபவத்திலேயே இருக்கிறது. ஏழு வருஷம் முன்பு கம்பத்தில் நான் தனிக்குடித்தனம் வைத்த புதிதில் ஒரு விளம்பரம் பார்த்தேன். லாப்ரடார், டபுள் போன் (தடித்த எலும்புள்ளது என்று அர்த்தமாம்), ஷோ குவாலிட்டி, 45 நாள் குட்டி, விலை 9,000. பாதிப் பணம் முன்பணமாக அனுப்பினால் ராத்திரி பஸ்ஸில் ஏற்றிவிடுவார்களாம். தாய் நாயைப் பார்க்கணும் என்று நானும் கேட்கத்தான் செய்தேன். கொழுகொழுவென்று ஒரு மஞ்சள் லாப்ரடார் புல்வெளியில் நிற்கும் போட்டோ வந்தது. அதே போட்டோவைப் பிறகு வேறு இரண்டு விளம்பரங்களில் பார்த்தேன்.

விடிகாலை ஐந்து மணிக்குக் கம்பம் பஸ் ஸ்டாண்டில், ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் அது வந்து இறங்கியது. சத்தமே போடவில்லை. "எவ்வளவு சமத்து பாரு" என்று என் மனைவி கொஞ்சினாள். சமத்து இல்லை, அதற்குத் தெம்பு இல்லை. இரண்டாம் நாள் வாந்தி. மூன்றாம் நாள் ரத்தமாகக் கழிந்தது. அந்த நாற்றம் இன்னும் மூக்கில் இருக்கிறது. மாட்டாஸ்பத்திரி டாக்டர் பார்த்ததுமே பார்வோ என்றார், குட்டி நாய்களின் குடலைத் தாக்கும் வைரஸ் நோய். டிரிப் ஏற்றினார், ஊசி போட்டார். ஐந்தாம் நாள் விடியலில் போய்விட்டது. விற்றவனைக் கூப்பிட்டால், "எங்ககிட்ட இருந்தவரைக்கும் நல்லாத்தானே சார் இருந்துச்சு" என்றான். அடுத்த அழைப்பு போகவில்லை.

அந்த டாக்டர் சொன்ன இரண்டு விஷயம்தான் எனக்குக் கண் திறந்தது. முதலாவது, பார்வோ கிருமி உடம்புக்குள் போய் நோயாக வெளிவரப் பெரும்பாலும் மூன்று நாள் முதல் ஒரு வாரம்வரை ஆகும். வந்த மறுநாளே வாந்தி எடுத்த குட்டிக்கு என் வீட்டில் அது தொற்றியிருக்க வழியில்லை. பஸ் ஏறும்போதே கிருமியோடுதான் ஏறியிருக்கிறது. இரண்டாவது, குட்டியின் வாயைத் திறந்து காட்டினார். முன்பற்கள் அப்போதுதான் ஈறைக் கிழித்துக்கொண்டு எட்டிப்பார்த்தன. பால்பற்கள் மூன்றாவது, நாலாவது வாரத்தில் முளைக்கத் தொடங்கும். எட்டு வாரத்துக்குள் 28 பற்களும் வந்துவிடும். "45 நாளா? ஒரு மாசம்கூட முழுசா ஆகல" என்றார்.

ஏன் அவ்வளவு சீக்கிரம் பிரிக்கிறார்கள்? கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். நாலு வாரம் தாண்டினால் குட்டிகள் திட உணவு தின்னத் தொடங்கும், தீனிச் செலவு ஏறும். ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் முதல் தடுப்பூசி போட வேண்டும், அது தலைக்கு இவ்வளவு என்று செலவு. அதற்கு முன்பே தள்ளிவிட்டால் லாபம். குட்டி சின்னதாக இருக்கும்போதுதான் போட்டோவும் அழகாக விழும். நாலைந்து இடங்களிலிருந்து புரோக்கர் வாங்கி ஒரே அறையில் அடைக்கிறான். ஒன்றுக்கு நோய் இருந்தால் போதும். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குறைந்துகொண்டு வரும் வயதில், ஊசியும் போடாமல், ராப்பயணத்தில் பட்டினியும் குளிரும் சேர்ந்தால் என்ன ஆகும்? இன்னொரு நஷ்டம் வெளியே தெரியாது. மூன்றாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரம்வரை கூடப்பிறந்ததுகளோடு புரண்டு சண்டை போட்டுத்தான் ஒரு குட்டி தன் கடியின் அளவைக் கற்றுக்கொள்கிறது. பலமாகக் கடித்தால் மற்றது கத்தும், விளையாட்டு நிற்கும். அந்தப் பள்ளிக்கூடத்துக்கே போகாத நாய் பின்னால் பிள்ளைகளின் கையைப் பதம் பார்க்கும்.

குட்டியின் கதை இதுவென்றால் தாயின் கதை இன்னும் மோசம். பெட்டை நாய் சாதாரணமாக ஆறேழு மாதத்துக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். சினைக்காலம் சுமார் 63 நாள். குட்டித் தொழிற்சாலை நடத்துகிறவன் ஒரு பருவத்தைக்கூட விடமாட்டான். கம்பிக் கூண்டுக்குள்ளேயே சினை, ஈற்று, மறுபடி சினை. ஈற்றுக்கு ஏழு குட்டி போட்டது மூன்றாகக் குறைந்ததும் ஏதாவது ஒரு மலைப்பாதைத் திருப்பத்தில் இறக்கிவிட்டு வண்டி போய்விடும். லோயர் கேம்ப்பில் ஒருமுறை அப்படி ஒரு பக் நாயைப் பார்த்தேன். மடி தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. ரோட்டைப் பார்த்து அதற்குப் பயமில்லை. புல்லில் கால் வைக்கத்தான் பயந்தது.

சட்டம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றி 2017-ல் மத்திய அரசு விதிகள் கொண்டுவந்தது. விற்பதற்காக நாய் வளர்ப்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. பெட்டையை 18 மாதத்துக்கு முன்பும் 8 வயதுக்குப் பின்பும் இணை சேர்க்கக் கூடாது. வருஷத்துக்கு ஓர் ஈற்று, வாழ்நாளில் ஐந்துக்கு மேல் கூடாது. வாலை நறுக்குவதும் காதை வெட்டி நிமிர்த்துவதும் கூடாது. எட்டு வாரம் என்றால் 56 நாள். அப்படியென்றால் "45 நாள் குட்டி" என்று போடுகிற ஒவ்வொரு விளம்பரமும் தன் வாயாலேயே குற்றத்தை ஒப்புக்கொள்கிறது! பார்வோவுக்குக் குட்டியைப் பறிகொடுத்து ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்கு இது உறைத்தது. "இம்போர்ட் லைன், வெளிநாட்டிலிருந்து நேரடியாக வந்தது" என்பதும் அப்படித்தான். வியாபாரத்துக்காக நாய் இறக்குமதி செய்வதை 2016-லேயே நிறுத்திவிட்டார்கள்.

விதிகள் பேச்சளவில் நிற்பதற்கு ஒரு காரணம் தண்டனை. 1960-ஆம் வருஷத்து விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தில், முதல்முறை குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய்வரை. கம்பத்தில் இன்றைக்கு 50 ரூபாய்க்கு ரெண்டு பேர் பஜ்ஜி தின்று டீ குடிக்க முடியாது. ஆகவே தடுப்பது வாங்குகிறவர் கையில்தான் பெரும்பாலும் இருக்கிறது. அவர் காசு போடாவிட்டால் கூண்டு காலி.

கண்ணாடிப் பெட்டி

பெட் ஷாப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விளம்பரக் குட்டிக்கும் இதற்கும் வித்தியாசம், கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம் என்பது மட்டும். 2018-ல் வந்த விதிகளின்படி கடைக்கும் தனிப்பதிவு வேண்டும், அங்கேயும் எட்டு வாரக் கணக்குதான். பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கடைக்காரர் முகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். தாய் எங்கே என்று நாங்கள் கேட்ட கடையில், "தாய் பெங்களூர்ல சார்" என்றார். மாமா வெளியே வந்து சொன்னார்: "நான் என்ன சம்பந்தமா பேச வந்தேன், பெங்களூர் போறதுக்கு?" ஒன்று மட்டும் அங்கே கற்றுக்கொண்டோம். தடுப்பூசி அட்டையில் தேதியும் கிறுக்கல் கையெழுத்தும் இருந்தால் போதாது. மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய லேபிள், அதில் பேட்ச் எண், டாக்டரின் பதிவு எண் எல்லாம் இருக்க வேண்டும். அவர்கள் காட்டிய அட்டையில் மூன்று குட்டிகளுக்கும் ஒரே பேனா, ஒரே நாள், லேபிள் இல்லை.

அந்தக் குட்டிகளைப் பார்த்து "ஐயோ பாவம், நாமளாவது காப்பாத்துவோம்" என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. காப்பாற்றிய இடம் காலியாக இருக்காது, மறுநாளே அதில் இன்னொன்று வந்து படுத்துக்கொள்ளும்.

பேப்பர் உள்ள கென்னல்

இது நியாயமான வழிதான், ஆனால் பேப்பரைப் பற்றிய மயக்கத்தை முதலில் விட வேண்டும். கென்னல் கிளப் ஆஃப் இந்தியா 1896-ல் தொடங்கியது, தலைமையிடம் சென்னை. அவர்கள் தரும் சான்றிதழ், இந்தக் குட்டியின் அப்பா அம்மா தாத்தா பாட்டி யார் என்று சொல்லும் வம்சாவளிப் பட்டியல். தாய் வெயிலைப் பார்த்ததா, கூண்டிலேயே கிடந்ததா என்பதை அது சொல்லாது. ஜாதகம் பொருந்தியிருக்கிறது என்பதால் மாப்பிள்ளை குடிக்கமாட்டான் என்று ஆகிவிடுமா?

நல்ல கென்னலை அடையாளம் காண்பது எளிது. எந்த நேரமும் வாருங்கள் என்பார்கள். தாய் நாய் வாலாட்டிக்கொண்டு வரும். ஒன்றிரண்டு இனம் மட்டும் வைத்திருப்பார்கள், பத்து இனம் இருக்காது. லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் என்றால் தாய் தகப்பனுக்கு இடுப்பு மூட்டு எக்ஸ்ரே எடுத்திருக்கிறதா என்று கேட்டால் கோபப்படாமல் காட்டுவார்கள். அந்த இனங்களில் இடுப்பு மூட்டுக் கோளாறு வம்சத்தில் வருவது. எல்லாவற்றுக்கும் மேலே, உங்களைக் கேள்வி கேட்பார்கள். எங்களிடம் ஒருவர் அப்படித்தான் அரை மணி நேரம் விசாரித்தார். வீட்டில் யார் யார், நாய் ராத்திரி எங்கே படுக்கும், வெளியூர் போனால் யார் பார்ப்பது என்று. கடைசியில், இப்போது குட்டி இல்லை, அடுத்த ஈற்று கார்த்திகையில், 30,000 ஆகும், பெயரை எழுதி வைக்கிறேன் என்றார்.

"நாய்க்கே டோக்கனா?" என்றார் மாமா.

எனக்கு அந்த மனிதரைப் பிடித்தது. ஆனால் மழையில் ஊறும் ஊருக்கு, தொங்கு காதும் அடர்ந்த ரோமமும் உள்ள லாப்ரடார் காதுச்சீழும் தோல்புண்ணுமாகத்தான் இருக்கும். மேலும் காவலுக்கு அதை வாங்குவது... திருடனுக்கு டார்ச் அடித்து வழிகாட்டும் என்று எங்கள் பக்கம் ஒரு கேலி உண்டு. கட்டப்பனையில் ஒரு குடும்பம் வேலைக்கு அயர்லாந்து கிளம்பும்போது நாலு வயது லாப்ரடாரை யாராவது எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். கேரளத்தில் இப்போது இது அடிக்கடி நடக்கிறது. வீட்டைப் பூட்டி வெளிநாடு போகிறார்கள், நாய் மிஞ்சுகிறது. வளர்ந்த நாயை எடுப்பதில் ஒரு பெரிய வசதி, அதன் குணம் முன்னாலேயே தெரிந்துவிடும், குட்டியில் நடக்கும் லாட்டரி இல்லை. பட்டணத்துப் பிளாட்டில் இருப்பவர் யாராவது என்னைக் கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன். மாமா போய்ப் பார்த்தார். 38 கிலோ. பாசத்தில் அத்தைமேல் ஒருமுறை சாய்ந்தால் போதும். மனசில்லாமல் திரும்பி வந்தார்.

கோம்பை

மாமாவின் மனது முதலிலிருந்தே இங்கேதான் இருந்தது. உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில், மேற்குமலை அடிவாரத்தில் இருக்கிறது கோம்பை. செம்பழுப்பு உடம்பு, கருமூஞ்சி, இறுகிய தசை. எங்கள் தாத்தா காலத்தில் கோம்பை நாய் வைத்திருந்த தோட்டத்துக்குள் யாரும் தேங்காய் பொறுக்கக்கூடப் போகமாட்டார்களாம்.

நாட்டு நாய்களுக்கு இப்போது நல்ல காலம். 2005-ல் தபால் துறை நாய்களுக்கு வெளியிட்ட நாலு தபால்தலைகளில் ராஜபாளையமும் ஒன்று. 2020-ல் பிரதமர் வானொலியில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லிப் பேசினார். ஜல்லிக்கட்டுக்குப் பின்னால் காளைமேல் வந்த பாசம் நாய்மேலும் வந்திருக்கிறது. நல்லதுதான். கூடவே வந்தது என்னவென்றால் வியாபாரம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு இடம் பார்த்தோம். முதல் இடத்தில் பெயர்ப்பலகை எல்லாம் வைத்திருந்தார்கள். "கோம்பை, ராஜபாளையம், சிப்பிப்பாறை, எது வேணும்ணே?" தகரக் கொட்டகை, கம்பிக் கூண்டு, மொத்தம் பன்னிரண்டு நாய் இருக்கும். காலுக்குக் கீழே தரை இல்லை, கம்பிவலை. ராஜபாளையக் குட்டி ஒன்றைக் காட்டினார்கள், பால் வெள்ளை, ரோஜா மூக்கு. தூங்கிக்கொண்டிருந்த அதன் பின்னால் நின்று நான் கை தட்டினேன். காது அசையவில்லை. மறுபடி தட்டினேன். மற்ற குட்டிகள் திரும்பின, அது தூங்கிக்கொண்டே இருந்தது. வெள்ளை ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு வருவது தெரிந்த விஷயம். கேட்காத காவல் நாயை வைத்து என்ன செய்வது? "பன்னி புடிக்கும்ணே" என்று கோம்பைக்கு விளம்பரம் வேறு. நாயை விட்டுக் காட்டுப்பன்றி வேட்டையாடினால் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்தில் உள்ளே போக வேண்டியிருக்கும் என்பதை அவர் சொல்லவில்லை. நாட்டு இனம் விற்கிறார் என்பதற்காக ஒருவரை நல்லவர் என்று நம்பிவிடக் கூடாது. போனில் லாப்ரடார் விற்றவனும் இவரும் செய்வது ஒரே தொழில், இங்கே வேட்டி கட்டியிருக்கிறார்கள்.

இரண்டாவது இடம் ஒரு விவசாயி வீடு. தாய் நாய் மாட்டுத்தொழுவத்தில், வைக்கோலில் படுத்திருந்தது. எங்களைப் பார்த்ததும் உறுமல். அவர் "ஏய்" என்றதும் அடங்கியது, ஆனால் கண்ணை எங்கள்மேல் இருந்து எடுக்கவில்லை. அடியில் நாலு குட்டி. கேப்பைக்களியும் மோரும், வாரம் ஒருமுறை கறிக்கடைக் கழிவும் அதற்குச் சாப்பாடு. வருஷம் ஒரு ஈற்றுதான், அதுவும் போன வருஷம் போடவில்லை என்றார். நான் தேடிக்கொண்டிருந்தது இதைத்தான்.

அந்த ஆசையை அவரே கெடுத்தார். "தோட்டத்துக்கு ஆளு எங்கேருந்து வருது?" என்று கேட்டார். சீசனில் காலை ஏழு மணிக்குக் கம்பம், கூடலூரிலிருந்து ஜீப்பில் ஏலக்காய் எடுக்கப் பெண்கள் வருவார்கள். ஒரு நாளைக்குப் பத்துப் பேர், மறுநாள் வேறு முகங்கள். அதைக் கேட்டதும் தலையை ஆட்டினார். "சரிப்படாதுண்ணே. இது ஒரு ஆளுக்குத்தான் கட்டுப்படும். தெனம் புது முகத்தைப் பார்த்தா ஒருநாள் இல்லாட்டி ஒருநாள் கடிச்சு வச்சிரும். பகல் முழுக்கக் கட்டிப்போட்டா கிறுக்குப் புடிச்சிரும்." வாங்க வந்தவர்களை வேண்டாம் என்று திருப்பி அனுப்பியவர் அவர் ஒருவர்தான். கூலியாள் வராத, வேலி போட்ட தோப்பு, ராத்திரி தனியாகக் காவல் இருக்கிற ஆள் என்றால் அவரிடம் போய் வரிசையில் நிற்பேன். எங்களுக்கு இல்லை.

காசில்லாக் குட்டி

மிஞ்சியது தெருவில் பிறந்தது. கருப்பனும் அப்படி வந்ததுதான், யாரோ சாக்கில் கட்டி மலைரோட்டில் போட்டுவிட்டுப் போனது. சாக்கில் போடுவது பெரும்பாலும் பெட்டைகளை. "பொட்டை வேண்டாம், குட்டி போட்டுத் தள்ளும்" என்கிற பேச்சு இரண்டு மாநிலத்துக்கும் பொது. கருத்தடை அறுவை ஒருமுறைச் செலவு. அதைச் செய்துவிட்டால் பெட்டை நாய் ஊர் சுற்றாது, சண்டைக்குப் போகாது, வாசலோடு கிடக்கும். காவலுக்கு அதைவிட என்ன வேண்டும்?

இதற்கும் குறை உண்டு, மறைக்கக் கூடாது. "நாட்டு நாய்க்கு ஒண்ணும் வராது" என்பது பொய். பார்வோ தெருக்குட்டியையும் கொல்லும். தெருவில் கொல்வதை நாம் பார்ப்பதில்லை. முதல் ஊசி ஆறு முதல் எட்டு வாரத்தில், பிறகு மூன்று நாலு வார இடைவெளியில் 16 வாரம்வரை. எங்கள் ஈர மண்ணுக்கு, எலிக்காய்ச்சலுக்கும் சேர்த்துப் போடும் ஊசியாகக் கேட்டு வாங்க வேண்டும். மூன்று மாதத்தில் ரேபிஸ் ஊசி. அதற்கு முன்னால் குட்டி கடித்தாலும் கீறினாலும் "பால்குடிக் குட்டிதானே" என்று விடக் கூடாது. சோப்புப் போட்டு 15 நிமிஷம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ரேபிஸ் அறிகுறி வந்தபின் கிட்டத்தட்ட யாரும் பிழைப்பதில்லை. கேரளத்தில் பஞ்சாயத்து எல்லைக்குள் நாய் வளர்க்க லைசென்ஸும் வேண்டும், 1998-லிருந்தே அந்த விதி இருக்கிறது. ரேபிஸ் ஊசிச் சான்று காட்டி எடுக்க வேண்டும். (மலையாளத்தில் பட்டி என்றால் நாய். நாராயணத்தேவன்பட்டியில் பெண் எடுத்தேன் என்று சொன்னால் மேட்டில் இருக்கிறவர்கள் இன்றைக்கும் சிரிப்பை அடக்குவார்கள்.) ஆக காசில்லாக் குட்டிக்கும் முதல் வருஷம் சில ஆயிரம் செலவு இருக்கிறது. நான் 9,000 கொடுத்து வாங்கிய குட்டிக்கு ஐந்தே நாளில் 6,500 மருத்துவச் செலவு ஆனது என்பதையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

தாய் எங்கே என்ற கேள்விக்கு இங்கே ஒரு சிக்கல். சாக்கில் கிடைக்கிற குட்டிக்குத் தாய் தெரியாது. தாயோடு இருக்கிற குட்டியைத் தேடினோம். கம்பம்மெட்டு டீக்கடையில் கிடைத்தது. கடைப் பலகைக்கு அடியில் ஒரு செவலைப் பெட்டை ஐந்து குட்டி போட்டிருந்தது. அந்த நாயை மாமா மூன்று வருஷமாகத் தினமும் பார்க்கிறார். ராத்திரி தமிழ்நாட்டுப் பக்கம் படுக்கும், காலையில் எல்லை தாண்டி வந்து கேரளத்துப் பரோட்டா தின்னும். ஜீப் ஜீப்பாக இறங்குகிற கூலியாட்களைக் கண்டுகொள்ளாது. ராத்திரியில் புது ஆள் நடந்தால் குரைத்து ஊரைக் கூட்டும். நாங்கள் கென்னலில் எக்ஸ்ரே கேட்டதெல்லாம் எதற்கு? இந்த அளவுக்குத் தெரிந்துகொள்வதற்குத்தான்.

வெள்ளைக்கால் கருப்புப் பெட்டை ஒன்றை மாமா பேசி வைத்தார். "இப்பவே எடுத்துட்டுப் போங்கண்ணே, எனக்கு இடைஞ்சலா இருக்கு" என்றார் டீக்கடை அக்கா. எட்டு வாரம் முடிந்துதான் எடுப்பேன் என்றார் இவர். அப்படியானால் அதுவரைக்கும் தாய்க்குப் பால் யார் ஊற்றுவது என்று அக்கா நியாயமாகக் கேட்டார். தினம் அரை லிட்டர், மாமா கணக்கு. குட்டிகள் பால் மறந்ததும் தாய்க்கு அறுவை செய்வதற்கும் ஒரு டாக்டரிடம் பேசி வைத்திருக்கிறோம். மிச்ச நாலு குட்டிக்கு வீடு தேடுவது என் தலையில் விழுந்திருக்கிறது. இரண்டுக்கு ஆள் கிடைத்தாயிற்று.

நேற்று ராத்திரி மாமா கூப்பிட்டார். "மாப்ளே, கண்ணு தொறந்துருச்சு. என்னையத்தான் பாத்துச்சு."

பதினாலு நாள் குட்டிக்கு எதிரே நிற்பவர் யாரென்று தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவரே, "இன்னும் நாப்பத்திரெண்டு நாளு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.